இருபத்தெட்டுக்கு ஒன்று

சென்ற மார்கழியில் சிட்னியிலிருந்து அக்கா ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை. மழையா வெய்யிலா என்றும் கேட்கவில்லை.

"தம்பி, உன்ரை மருமோன் பிளேன் வாங்கப் போறானாம். நீதான் அவனைப் பழுதாக்கினனீ. நீயே கதைச்சு மறி."

அக்கா பிளேன் என்று சொன்னது கிளைடரை. இயந்திரம் இல்லாத விமானம். அதுவும் முழுக் கிளைடர் இல்லை, மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அக்காவுக்கு விமானம் என்றால் விமானம்தான். அவளுக்கு மட்டுமா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. வானத்தில் சத்தம் கேட்டால் மற்றவர்கள் மேலே பார்ப்பார்கள். நான் கீழே பார்ப்பேன். எந்தச் சுவர்ப் பக்கம், எந்தக் கானுக்குள் படுக்கலாம் என்று கண் தானாகத் தேடும். பொம்மர் என்றும் ஹெலி என்றும் அவ்ரோ என்றும் சத்தத்தை வைத்தே பிரித்தறியக் கற்ற தலைமுறை நாங்கள். 1987 யூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேலாக வந்து உணவுப் பொதிகளைப் போட்டபோதும், நாங்கள் முதலில் ஓடியது பங்கருக்குள்தான். அரிசி வந்து விழுகிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அப்படிப்பட்ட ஒருவன் நாற்பது வயதை நெருங்கும்போது பறக்கப் பழகினான் என்றால் அதற்கு ஒரு காரணம்தான்: சத்தமில்லை.

1996இல் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெனல்லாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெல்பேர்ணிலிருந்து ஹியூம் நெடுஞ்சாலையில் வடகிழக்கே இருநூறு கிலோமீற்றர். விமானத்திடலின் ஓரத்தில் நின்றேன். தலைக்கு மேலே ஒரு வெள்ளை இறக்கை வந்தது. ஒரு சீறல் மாத்திரம், சேலையை உதறியது போல. புல்லில் இறங்கி, உருண்டு, நின்று, ஒரு இறக்கையை மெதுவாக நிலத்தில் சாய்த்தது. நான் ஓடவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

அந்த இடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். திடலின் பக்கத்தில் சில பழைய மரக் கொட்டகைகள் இருந்தன. உலகப் போர்க் காலத்தில் விமானப்படைப் பயிற்சிக்குக் கட்டப்பட்டவை. 1949 தொடக்கம் 1967 வரை அவை குடியேறிகள் முகாமாக இருந்தன. ஐரோப்பாவில் வீடுவாசல் இழந்து வந்த பல்லாயிரம் பேர் அந்தத் தகரக் கூரைகளின் கீழ் இருந்து போயிருக்கிறார்கள். கணவன் இல்லாமல் பிள்ளைகளோடு வந்த தாய்மார் அதில் கூட. இப்போது அதை விக்டோரியா மாநிலம் மரபுச் சின்னமாகப் பதிவு செய்திருக்கிறது. அகதிகள் இருந்த இடத்தில் பறக்கப் பழகுவது எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

பெனல்லாவுக்கு வேறு பெருமையும் உண்டு. 1987 தை மாதம் உலகக் கிளைடர் போட்டி அங்கேதான் நடந்தது. திறந்த வகுப்பில் வென்றவர் இங்கோ றென்னர். ஜேர்மனியில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்கு வந்து குடியேறியவர். டொக்கும்வாலில் பல வருடங்கள் பயிற்றுநராக இருந்தார். 1976, 1983, 1985, 1987 என்று நாலு தடவை உலக வெற்றிவீரர். 2022இல் காலமானார். அதே 1987 தையில்தான் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்தது. நாங்கள் மண்ணெண்ணெய்க்கு அலைந்துகொண்டிருக்க, இங்கே ஒருவர் ஒரு சொட்டு எரிபொருளும் இல்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறந்து பரிசு வாங்கியிருக்கிறார் என்பதை நினைத்து நான் சிரித்ததுண்டு.

தெரியாதவர்களுக்காக: கிளைடர் எப்போதும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மிக மெதுவாக, முன்னோக்கி விழுகிறது. வெய்யில் நிலத்தைச் சுடவைக்க, சூடான காற்று தூண் போல மேலே எழும். அதைத் தேர்மல் என்பார்கள். அந்தத் தூணுக்குள் வட்டமடித்தால் விழுகிற வேகத்தைவிடக் காற்று ஏறுகிற வேகம் கூட, கிளைடர் உயரும். வட விக்டோரியாவின் நல்ல கோடை நாளில் எண்ணாயிரம், பத்தாயிரம் அடி வரை போகலாம். பிறகு நேரே பறந்து, இறங்கி, அடுத்த தூணைத் தேடவேண்டும். ஊரில் பருந்து செய்வதும் அதைத்தான். இங்கே ஆப்புவால் கழுகு செய்கிறது. இரண்டு மீற்றருக்கு மேல் இறக்கை விரித்து, எங்களுடைய வட்டத்துக்குள் வந்து, ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு, எங்களைவிட விரைவாக மேலே போய்விடும்.

இந்த விளையாட்டில் எல்லாரும் பேசுகிற ஒரு எண் இருக்கிறது. சறுக்கு விகிதம். ஒரு மீற்றர் உயரத்தை இழந்து எத்தனை மீற்றர் தூரம் போகலாம் என்பது. நான் பழகியது பிளானிக் எல்-13 என்ற உலோகக் கிளைடரில். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது. 1956இல் முதன்முதல் பறந்தது. இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. அதன் எண் இருபத்தெட்டு. ஆயிரம் மீற்றரில் நின்றால், காற்றசைவில்லாத நாளில், இருபத்தெட்டுக் கிலோமீற்றர். பதினைந்து மீற்றர் இறக்கையுள்ள கண்ணாடியிழைக் கிளைடர்களுக்கு நாற்பதுக்குக் கிட்ட. இருபத்தைந்து மீற்றரைத் தாண்டிய பெரிய இறக்கைகளுக்கு அறுபது வரையும்.

மருமகன் கம்டனில் பழகியவன். சிட்னிக்குப் பக்கத்தில் என்பதால் மேலே பெரிய விமானங்களின் பாதை. நினைத்த உயரத்துக்குப் போக முடியாது. அதனால் லீவு கிடைத்தால் உள்நாட்டுச் சமவெளிகளுக்குப் போய்விடுவான். எண்களை அவன் எங்கள் ஊர்ப் பெடியள் கிரிக்கெட் ஓட்டங்களைச் சொல்வது போலச் சொல்லுவான்.

"மாமா, இருபத்தெட்டு எல்லாம் ஒரு நம்பரே? நான் வாங்கப் போறது ஐம்பது. ஐம்பது எண்டால் சேஃப்தானே. எங்கையும் போய்ச் சேரலாம்."

இது முட்டாள்தனமான பேச்சு அல்ல. கணக்கும் அவன் பக்கம்தான். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், தொண்ணூறில் பறக்கிற பிளானிக்கின் இருபத்தெட்டு பத்தொன்பதுக்குக் கிட்ட இறங்கிவிடும். நாற்பதுக்காரன் கொஞ்சம் விரைவாகப் பறப்பதால் அவனுக்கு இருபத்தெட்டு மிஞ்சும். கூடத் தூரம் போனால் கூட வயல்களுக்கு எட்டும். தெரிவு செய்யக் கூட இடம். அப்படிப் பார்த்தால் பெரிய எண்தான் பாதுகாப்பு.

இதை நானும் நம்பியிருந்தேன்.

1998இல் பிளானிக்கைக் கொண்டு பெனல்லாவில் ஒரு வாரம் முகாம் போட்டோம். வெள்ளிப் பதக்கத்துக்கு மூன்று காரியம் செய்யவேண்டும்: ஐந்து மணித்தியாலம் பறத்தல், ஆயிரம் மீற்றர் உயரம் ஏறுதல், ஐம்பது கிலோமீற்றர் தூரம் போதல். நான் நேரே வடக்கே மறே ஆற்றங்கரையிலுள்ள யாரவொங்காவுக்குப் போனேன். ஐம்பத்தொன்பது கிலோமீற்றர். காரில் முக்கால் மணித்தியாலம். எனக்கு இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. கூரம்பற், டெவனிஷ், சென் ஜேம்ஸ் என்று ஒவ்வொரு ஊரின் தானியக் கோபுரத்தையும் எண்ணி எண்ணிப் போனேன். அப்போது அவை வெறும் சாம்பல் நிறம். இப்போது சித்திரம் தீட்டி, பார்க்க ஆட்கள் வருகிறார்கள். இரண்டு தடவை ஆயிரத்தைந்நூறு அடிக்கு இறங்கி, இறங்குகிற வயலைத் தெரிந்து வைத்துவிட்டு, மீண்டும் ஏறினேன். ஆறு வெள்ளியாகத் தெரிந்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன். பட்டம் ஏற்றிய காலத்துக்குப் பிறகு வானத்தைப் பார்த்து நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஆசை வந்தது. 2003இல் இரண்டு பேரோடு சேர்ந்து நாற்பது விகிதக் கிளைடர் ஒன்றில் பங்கு வாங்கினேன்.

2004 தையில் முந்நூறு கிலோமீற்றர் முக்கோணம் ஒன்றை முடிக்கப் புறப்பட்டேன். தங்கப் பதக்கத்துக்கான தூரம். கடைசிப் பக்கத்தில், பின்னேரம் ஐந்து மணிக்கு மேல், மெல்லிய உயர்மேகம் வெய்யிலை மறைக்கத் தொடங்கியது. வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். என் உயரம் மூவாயிரத்தைந்நூறு அடி. காலடியில் வைத்திருந்த சிறிய கொம்பியூட்டர் சொன்னது: போய்ச் சேரலாம், அறுநூறு அடி மிச்சமும் இருக்கும். எண் நாற்பது அல்லவா?

எண் பொய் சொல்லவில்லை. அது அசையாத காற்றில் எடுத்த எண். எழுகிற காற்று இருந்தால் அதன் பக்கத்தில் இறங்குகிற காற்றும் இருக்கும் என்பதை நான் படித்திருந்தேன். ஐந்து கிலோமீற்றர் இறங்குகிற காற்றில் போனேன். ஆயிரம் அடி போய்விட்டது. கீழே அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றும் கிளைடர் இறக்குவதற்கென்று செய்து வைத்தது போல. இரண்டாயிரம் அடியில் வயல் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் வயலைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். மிச்சம் இருநூறு. மிச்சம் ஐம்பது. பிறகு ஒரு சிறு கழித்தல் குறி.

வயல்கள் முடிந்து மரங்களும் ஓடையும் வந்த இடத்தில் எழுநூறு அடிக்கு வந்திருந்தேன். ஓடைக்கு அப்பால் ஒரு சிறிய புல்வெளி. வேறு தெரிவில்லை. திரும்பி, வேகத் தடையைத் திறந்து இறங்கும்போது வலப்பக்கம் மரத்துக்குள்ளே ஒரு மின்கம்பம் தெரிந்தது. இடப்பக்கம் வெகு தொலைவில் இன்னொன்று. அவுஸ்திரேலியக் கிராமங்களில் ஒற்றைக் கம்பியில் மின்சாரம் கொண்டுபோவார்கள். மற்றக் கம்பிக்குப் பதில் மண்ணே வேலை செய்யும். கம்பங்களுக்கு இடையில் பெருந்தூரம். மேலேயிருந்து அந்தக் கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பி எங்கே என்று ஊகிக்கவேண்டும். இரண்டு கம்பங்களையும் மனதால் கோடு போட்டு இணைத்தேன். கோடு எனக்கு நேரே முன்னால் ஓடியது.

தடையை மூடி மூக்கை உயர்த்தினேன். கம்பிக்கு மேலாக எத்தனை அடியில் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு புல்வெளியில் பாதிதான் மிஞ்சியிருந்தது. வேலி வந்துகொண்டிருந்தது. ஒரு இறக்கையை வேண்டுமென்றே மண்ணில் குத்தி, கிளைடரைச் சுழற்றி நிறுத்தினேன். வால்பகுதி வெடித்தது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஒரு செம்மறியாடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

நல்ல எண்ணுள்ள கிளைடர் வேகமாகவும் இறங்கும் என்பதையும் அன்றைக்குத்தான் உடம்பால் அறிந்தேன். வேகம் கால் பங்கு கூடினால் நிறுத்தவேண்டிய சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். பிளானிக் என்றால் அந்தப் புல்வெளி போதும். ஆனால் பிளானிக்கில் வந்திருந்தால் முதல் வயலிலேயே இறங்கியிருப்பேன் என்பதுதான் முக்கியம். இருபத்தெட்டை வைத்துக்கொண்டு யாருக்கும் திமிர் வராது.

கழகத்து ஆட்கள் டிரெயிலரோடு வந்து ஏற்றி, நான் வீட்டுக்கு வர இரவு இரண்டு மணி. மனைவி முழித்திருந்தா. மறைக்க நினைத்தேன், முகம் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு கேட்டா:

"பொம்மருக்குத் தப்பி வந்தது இதுக்கே?"

இருபது வருடத்துக்கு மேலாகியும் எனக்கு அதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. ஊரில் எங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. குண்டு எந்த ஒழுங்கையில் விழும் என்பதை மேலே இருக்கிறவன் தீர்மானித்தான். இங்கே மேலே இருந்தவன் நான். மூன்று வயல்களைத் தாண்டிப் போனதும் நான்தான். அந்த வெட்கம்தான் பயத்தைவிடக் கூட நாள் இருந்தது.

வால் திருத்தி முடிந்ததும் என் பங்கை விற்றேன். பிளானிக்குக்குத் திரும்பினேன். மெதுவான, பழைய, பத்திரமான கிளைடர் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புதிதாக மதம் மாறியவனைப் போலப் பிரசங்கமும் செய்தேன். 2010 யூனில் ஒஸ்ரியாவில் ஒரு பிளானிக் எல்-13இன் இறக்கை வானத்திலேயே முறிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்குகிற தண்டில் உலோகம் களைத்துப் போயிருந்தது. உலகம் முழுவதும் எல்-13கள் தரையில் நிறுத்தப்பட்டன. எங்களுடையதும் கொட்டகைக்குள் போனது. நான் பத்திரம் என்று நம்பியிருந்த இறக்கைக்குக் கீழேதான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறேன்.

ஆகவே சின்ன எண்ணும் காப்பாற்றாது.

இந்த வழக்கு எங்கள் குடும்பத்து வழக்கு மாத்திரமல்ல. கிளைடர் உலகமே இதில் பிரிந்து நின்றிருக்கிறது. 1980களின் இறுதியில் சர்வதேச அமைப்பு ஒரு போட்டி வைத்தது: எல்லாரும் வாங்கக்கூடிய, இலகுவாகப் பறக்கக்கூடிய, பத்திரமான ஒரே வகைக் கிளைடரை வரைந்து தாருங்கள் என்று. வார்சோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான பி.டபிள்யூ-5 வென்றது. இறக்கை பதின்மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. விகிதம் முப்பத்திரண்டு அளவில். அவுஸ்திரேலியாவுக்கும் சில வந்தன. எல்லாருக்கும் ஒரே கிளைடர் என்றால் வெல்வது பணமல்ல, ஆள்தான் என்பது நல்ல எண்ணம். ஆனால் நாற்பதைச் சுவைத்தவர்கள் முப்பத்திரண்டுக்கு இறங்கி வரவில்லை. கடைசியில் அந்த வகுப்பு உலகப் போட்டிகளிலிருந்து எடுபட்டு, அதன் இடத்துக்கு 13.5 மீற்றர் வகுப்பு வந்தது. அதைப் பறந்தவர்களோ, மெல்லிய தேர்மலிலும் சின்ன வட்டத்துக்குள் சுழன்று ஏறுகிற இன்பத்தைப் பற்றி இன்றைக்கும் கதைப்பார்கள். இரண்டு பக்கமும் உண்மை சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

அக்காவுக்கு ரெலிபோனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. மருமகனைத்தான் கூப்பிட்டேன். தை விடுமுறையில் வந்தான். பெனல்லாவில் இரண்டு இருக்கைக் கண்ணாடியிழைக் கிளைடர் ஒன்றை எடுத்தோம். அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. மறிக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தேன்.

கூரம்பற்றுக்கு மேலே, நாலாயிரம் அடியில், கேட்டேன்:

"தம்பி, இப்ப இறங்கவேண்டி வந்தால் எந்த வயல்?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது தேவையில்லை மாமா, யாரவொங்காவுக்கு ஆயிரம் அடி மிச்சத்தோடை போகலாம்."

"நான் அதைக் கேக்கேல்லை."

கீழே பார்த்தான். தேடினான். ஒன்றைக் காட்டினான், நடுவே கால்வாய் ஓடியது. டெவனிஷுக்கு மேலே மறுபடி கேட்டேன். இந்தத் தடவை விரைவாகக் காட்டினான். நல்ல வயல்தான். "கம்பம் எங்கை?" என்றேன். தெரியவில்லை. நான் 2004இல் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். பின்னுக்கிருந்து சொல்வது சுகம். முகம் பார்க்கத் தேவையில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தேர்மல் வந்தது. சுழன்றோம். எங்களுக்கு மேலே ஒரு கழுகு.

சென் ஜேம்ஸ் கோபுரத்தைத் தாண்டியபோது நான் வாய் திறக்க முதலே அவன் சொன்னான்:

"வலப்பக்கம், தகரக் கொட்டகைக்குப் பின்னாலை இருக்கிற வெட்டின வயல். காற்று மேற்கிலையிருந்து. கம்பம் றோட்டுக்கரையிலை மட்டும்தான், மற்றப்பக்கம் வீடு இல்லை."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவனும் திரையைப் பார்க்காமல் நெடுநேரம் பறந்தான். ஆறு தெரிந்தபோது சிரித்த சத்தம் முன் இருக்கையிலிருந்து வந்தது.

சம்பளம் கூடினால் குடும்பத்துக்குப் பாதுகாப்புத்தான். ஆனால் சம்பளம் கூடின மாதமே வீட்டுக்கடனையும் கூட்டுகிறவனுக்கு அது பாதுகாப்பல்ல. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐம்பதை வாங்கி, இருபத்தெட்டு இருக்கிறது என்று நினைத்துப் பறக்கிறவன் வீட்டுக்கு வருவான். மிச்சமுள்ள இருபத்திரண்டும் அவனுக்குச் சந்தோசத்துக்கு: ஆற அமர இருக்க, ஒரு மேகத்தைச் சுற்றிப் பார்க்க, கழுகுக்குப் பின்னால் போக.

அன்றிரவு அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"மறிச்சியோ?" என்று கேட்டாள்.

"இல்லை. வாங்கட்டும்."

மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. அவளும் அந்த ஒழுங்கையில் இருந்தவள். அவளுடைய பயத்தை நான் விலை பேச முடியாது.

"வயல் பாக்கத் தெரியுது அவனுக்கு," என்றேன்.

அது அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் ஏதோ ஒன்று விளங்கியிருக்கவேண்டும்.

"சாப்பிட்டானோ?" என்று கேட்டாள்.